வெற்றி மேடையின் வேர்கள்: காமன்வெல்த் விளையாட்டுகளும் நம் தோட்டப்புற வரலாறும்



கெடா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் விளையாட்டுப் போட்டி நாளன்று, திடலின் ஓரத்தில் 1, 2, 3 என்று எண்ணிட்ட வெற்றி மேடை நிற்பதைக் கண்டிருப்பீர்கள். இம்மரபு பண்டைய கிரேக்கத்திலிருந்து வந்தது என்றே பலரும் எண்ணுவர். ஆனால் கிரேக்கர் ஒலிம்பியாவில் முதல்வனுக்கு மட்டுமே ஆலிவ் இலை முடி சூட்டினர். இரண்டாமவனுக்கும் மூன்றாமவனுக்கும் அங்கே இடமில்லை. மூவரையும் படிநிலையில் ஏற்றும் மேடை, 1930ஆம் ஆண்டு கனடாவின் ஹாமில்டன் நகரில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுகளில் தோன்றியது. ஒலிம்பிக் அதனை மேற்கொண்டது 1932இல்தான். அந்தப் பேரரசு விளையாட்டுகளே இன்றைய காமன்வெல்த் விளையாட்டுகள்.

ஹாமில்டன் இதழாளர் பாபி ராபின்சனின் முயற்சியால் நடந்த அம்முதல் விழாவில் 11 நாட்டு அணிகள் பங்கேற்றன. வீரர் தொகை ஏறத்தாழ 400. பெண்களுக்கு நீர் விளையாட்டுகளில் மட்டுமே இடம் தரப்பட்டது. மலாயாவும் இந்தியாவும் அப்பட்டியலில் இல்லை.

அதே 1930இல் கெடாவின் நிலை யாது? 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழி சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் பாதுகாப்பிற்குள் வந்த கெடாவில், சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் பால் மரம் சீவினர். உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தது. சென்னை மாகாணத்திலிருந்து அரசு உதவியுடன் தொழிலாளர் வருவது நிறுத்தப்பட்டது. மலாயாவிலிருந்து பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பேரரசின் செல்வத்திற்கு உழைத்தோர், அதன் விளையாட்டு விழாவில் பார்வையாளராகக்கூட எண்ணப்படவில்லை.

இரண்டாம் விழா 1934இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடைபெற வேண்டியிருந்தது. வெள்ளையர் அல்லாத வீரர்கள் தென்னாப்பிரிக்காவில் எவ்வாறு நடத்தப்படுவர் என்ற கவலை எழவே, அது இலண்டனுக்கு மாற்றப்பட்டது. இந்தியா முதன்முறையாகப் பங்கேற்றதும் அவ்விழாவில்தான். நிறவெறி குறித்த கேள்வி இவ்விளையாட்டுகளுடன் தொடக்கத்திலேயே பிணைந்திருந்தது என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

போரின் காரணமாக 1942, 1946 ஆகிய ஆண்டுகளின் விழாக்கள் நடைபெறவில்லை. 1950இல் ஆக்லாந்தில் மலாயா முதன்முறையாகக் களமிறங்கிப் பளுதூக்குதலில் தங்கம் வென்றது. காலம் மாற, விழாவின் பெயரும் மாறியது. 1970இல் 'பேரரசு' என்ற சொல்லும் 1978இல் 'பிரிட்டிஷ்' என்ற சொல்லும் நீங்கின.

1958இல் கார்டிஃப் விழாவையொட்டி மற்றொரு மரபு பிறந்தது. அரசியின் செய்தியைத் தாங்கிய கோல் கைமாறிக் கைமாறி ஓட்டமாகக் கொண்டுவரப்பட்டு, தொடக்க விழாவில் செய்தி படிக்கப்பட்டது. 1998 செப்டம்பரில், ஆசியாவிலேயே முதன்முறையாகக் கோலாலம்பூரில் விழா நடந்தபோது, அக்கோல் யானை மீது அரங்கினுள் வந்தது! 1950இல் வென்ற பளுதூக்கும் வீரர் கோ எங் தோங் அதனை இளவரசர் எட்வர்டிடம் ஒப்படைத்தார். பேரரசின் சடங்கு இம்மண்ணின் கோலத்தை ஏற்ற காட்சி அது.

அவ்விழாவின் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியை மலேசியத் தமிழர் மறத்தல் அரிது. நெடுந்தொலைவு முன்னணியில் இருந்த நியூசிலாந்து வீரர் கிரெய்க் பாரெட், இலக்கை நெருங்கும் வேளையில் வெப்பத்தால் சோர்ந்து விழுந்தார். பின்னால் தளராது நடந்து வந்த ஜி. சரவணன் முதலாவதாக இலக்கைத் தொட்டார். காமன்வெல்த் தடகளத்தில் மலேசியா பெற்ற முதல் தங்கம் அது. அதனை நற்பேறு என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. அதே வெயிலில் அதே தொலைவை அவரும் நடந்தார் அல்லவா?

2018இல் கோல்டு கோஸ்ட் விழாவில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் சம எண்ணிக்கையில் பதக்கப் போட்டிகள் அமைந்தன. 1930இல் நீரளவில் நின்ற வாயில் முழுமையாகத் திறக்க 88 ஆண்டுகள் ஆயின.

மரபுகள் வானிலிருந்து இறங்குவன அல்ல. அவை மனிதர் வகுப்பன. ஆதலின் மனிதரால் திருத்தவும் படுவன. நம் பள்ளித் திடலின் வெற்றி மேடைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் ஏறுவோரின் பெயர்களோடு, ஏற இடம் மறுக்கப்பட்டோரின் கதையையும் மாணவர்க்குக் கற்பிப்பது வரலாற்று ஆசிரியரின் கடன்.