சிரிப்புக்குப் பின்னால ஒரு பிள்ளை: 'ஹெயில், சீசர்!' படமும் ஹொலிவூட் வரலாறும்

கோயன் சகோதரர்களின் 'ஹெயில், சீசர்!' (2016) ஒரு ஜாலியான படம். 1951ஆம் ஆண்டு, கப்பிட்டல் பிக்சர்ஸ் எண்ட கற்பனை ஸ்டூடியோ. நட்சத்திரங்களின் வில்லங்கங்களை வெளியில தெரியாமல் அமுக்கிற எடி மானிக்ஸ்தான் நாயகன். ரோமத் தளபதியின் உடுப்போடயே பெரிய நடிகர் ஒருவர் கடத்தப்படுகிறார். குதிரை ஓடி வித்தை காட்டுகிற பொடியனுக்கு கோட் சூட் மாட்டி வசனம் பேச விடுகிறார்கள். அவனுக்கு வாய் திரும்புதில்லை. நல்லாச் சிரிக்கலாம். ஆனா இந்தப் பகிடிகள் பலதுக்கும் பின்னால நிஜ மனிதர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்துப் பெரிய ஸ்டூடியோக்கள் படத்தைத் தாங்களே எடுத்து, தாங்களே விநியோகித்து, தங்கட தியேட்டர்களிலயே ஓட்டின. நடிகர்களை ஏழு வருச ஒப்பந்தத்தில் கட்டி வைத்திருந்தன. தந்த பாத்திரம் வேண்டாமெண்டால் சம்பளமில்லாத இடைநிறுத்தம். அந்த நாட்களையும் ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டிவிடுவார்கள். நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வழக்குப் போட்டு, 1944இல் வென்ற பிறகுதான் அது நின்றது. அதோட ஒழுக்கம் பற்றிய நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கும். ஊர்வாயில் பெயர் கெட்டால் வேலையே போகலாம்.

படத்தில் ஸ்கார்லெட் ஜொஹான்சனின் பாத்திரம் கலியாணமாகாமல் கர்ப்பமாகிறது. தன் பிள்ளையைத் தானே தத்தெடுக்கலாம் எண்டு ஸ்டூடியோ திட்டம் போடுகிறது. எங்களுக்கும் சிரிப்பு வந்தது. ஆனா இது நடந்த கதை. 1935இல் நடிகை லொரெட்டா யங், திருமணமான நடிகர் கிளார்க் கேபிளின் பிள்ளையை இரகசியமாகப் பெற்றார். பிள்ளையை ஒளித்து வளர்த்து, 1937இல் 'தத்தெடுத்ததாக' அறிவித்தார். கேபிளுடையதைப் போலவே வெளியே தள்ளி நின்ற காதுகளைத் தொப்பியால் மறைத்தார்கள். ஏழு வயதில் அதற்கு அறுவைச் சிகிச்சையும் செய்தார்கள். அந்தப் பிள்ளை ஜூடி லூயிஸ், தன் தகப்பன் யார் எண்டதைத் தாயின் வாயால் கேட்டது 1966இல். கேபிள் இறந்து ஆறு வருசமாகியிருந்தது. கேபிளுடன் நடந்தது தன் சம்மதத்தோடு இல்லை எண்டு யங் முதுமையில் சொன்னதாக, 2015இல் அவரின் மருமகள் வெளியிட்டார்.

நடிகரைக் கடத்துகிற கம்யூனிஸ்ட் எழுத்தாளர்களும் படத்தில் கோமாளிகள்தான். கடற்கரை வீட்டில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே தத்துவம் பேசுகிறார்கள். நிஜத்தில், 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் பிறகு சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான டால்டன் ட்ரம்போ வெளியே வந்தது, படம் நடக்கிற அதே 1951இல். அவர் கதை எழுதிய 'ரோமன் ஹொலிடே' (1953) ஒஸ்கார் வாங்கியபோது விருது போனது, பெயரைக் கடன் கொடுத்த நண்பருக்கு.

எடி மானிக்ஸ் எண்டவரும் நிஜமா எம்ஜிஎம் ஸ்டூடியோவில் உயர் பதவியில் இருந்தவர். படத்து மானிக்ஸ், களவாகச் சிகரெட் பிடித்ததுக்கே தேவாலயத்தில் பாவமன்னிப்புக் கேட்கிறார். நட்சத்திரங்களுக்காகத் தான் சொல்லித் திரிகிற பொய்கள் அவருக்கு அவ்வளவாக உறுத்துவதாகத் தெரியவில்லை. விமானக் கம்பனி ஒன்று தருகிற நல்ல வேலையை விட்டுவிட்டு ஸ்டூடியோவிலேயே இருக்க முடிவெடுக்கிறார். ஆனா 1948இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டூடியோக்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவை தங்கட தியேட்டர்களைக் கைவிட வேண்டி வந்தது. அவர் விசுவாசமாக இருக்கிற கோட்டை அப்பவே ஆட்டம் கண்டுவிட்டது.

படத்தில் ஜொஹான்சனின் பாத்திரத்துக்குத் திடீரெண்டு ஒரு கலியாணம் நடந்து, பிரச்சினை தீர்ந்துபோகிறது. ஜூடிக்கு அப்பிடி எதுவும் தீரவில்லை. தன் கதையைத் தானே புத்தகமாக எழுதி 1994இல் வெளியிட்டார். படத்தைப் பாருங்கள், சிரியுங்கள். அதோட ஜூடியின் பெயரையும் ஞாபகம் வைச்சிருங்கள்.