பிள்ளை விரல் வலிக்குதுன்னா, கிட்டாரோட கழுத்தைப் பாருங்க

1/7
கிட்டார் கத்துக்கிற பிள்ளை விரல் வலிக்குதுன்னு சொன்னா உடனே "சோம்பேறி"ன்னு திட்டாதீங்க. கருவியிலயும் கோளாறு இருக்கலாம். இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. அது தஞ்சாவூர்ல தொடங்குது.

2/7
இன்னைக்கு நாம பார்க்கிற 24 மெட்டு வீணை, தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் (1600–1634) காலத்தில் உருவானது என்பார்கள். அதுக்கு முன்னாடி ராகத்துக்கு ஏத்த மாதிரி மெட்டை நகர்த்தணும். 24 நிலையான மெட்டு வந்ததும் எல்லா ராகமும் ஒரே வீணையில் வாசிக்க முடிந்தது.

3/7
ஆனா "நிலையான" மெட்டும் மெழுகு மேலதான் உட்காரும். தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் கலந்த கலவை. பலாமரத் தண்டி அசைஞ்சாலோ, வெயில்ல மெழுகு இளகினாலோ மறுபடியும் மெட்டை உட்கார வைப்பார்கள். "மேளம் கட்டுறது"ன்னு இதுக்குப் பேர். மரம் மாறும்ங்கிறதை ஏத்துக்கிட்ட வடிவமைப்பு இது.

4/7
கிட்டாருக்கும் அதே சிக்கல். ஆறு ஸ்டீல் கம்பி சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். கழுத்து வளையும், கம்பி மேலே எழும்பும். 1923-ல் கிப்சன் கம்பெனி, கழுத்துக்குள்ளே திருகி முறுக்கக்கூடிய இரும்புக் கம்பிக்குக் காப்புரிமை வாங்கியது. மார்ட்டின் கம்பெனி அசையாத பட்டையே போதும்னு இருந்தது. 1985-லதான் திருகும் கம்பிக்கு மாறியது.

5/7
அப்போ எல்லா கிட்டாருக்கும் இது வேணுமா? நைலான் கம்பி கிட்டார்ல இழுவை ஏறக்குறைய பாதிதான், பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்டீல் கம்பின்னா இருக்கிறது நல்லது. ஆனா அது வளைவை மட்டும்தான் சரிசெய்யும். கம்பி உயரத்துக்குப் பாலத்தில் உள்ள எலும்புத் துண்டைத் தேய்க்கணும்.

6/7
வீட்லயே பார்க்கலாம். ஒரே கம்பியை முதல் மெட்டுலயும், கழுத்து உடம்போட சேருற இடத்துலயும் அழுத்துங்க. நடுவுல விசிட்டிங் கார்டு நுழையுற அளவுக்கு மேல இடைவெளி இருந்தா, ரிப்பேர் செய்றவர்கிட்ட காட்டுங்க. நீங்களே முறுக்காதீங்க.

7/7
மருத்துவரா ஒண்ணு. ஆரம்ப வாரங்கள்ல விரல்நுனி வலிக்கும், தோல் காய்ப்பு ஏறினா குறையும். மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போறது, ராத்திரி கூசுறது இதெல்லாம் சகஜமில்ல. வாசிப்பை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

கைதான் கருவிக்கு வளையணும்னு ஒண்ணும் இல்லை. 400 வருஷமா நம்ம ஊர் மெழுகு அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கு.

- அரசு மருத்துவர், அனந்தபுரம்