உள்ளாள், வெளியாள்

எங்கள் சேரியிலிருந்து கடலூர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு வேலைக்குப் போன மாமா, பதினாலு வருஷம் அங்கே துணி மடித்துப் போட்டார். எந்தச் சரக்கு எந்த மாசம் ஓடும் என்று அவரைக் கேட்டுத்தான் முதலாளி கொள்முதல் செய்வார். மேனேஜர் இடம் காலியானது. முதலாளியின் சொந்த ஊரிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததும் மாமாதான். "அவன வெளியாளுன்னு நெனச்சேன். அப்புறந்தான் புரிஞ்சுது, நாந்தாண்டா வெளியாளு" என்பார்.

கடைக்கு மேலாளரை உள்ளிருந்து உயர்த்துவதா, வெளியிலிருந்து கொண்டுவருவதா என்று நிர்வாகம் படித்தவர்கள் விவாதிக்கிறார்கள். உள்ளே யார், வெளியே யார் என்று பிரித்தவன் எவன்? நம் கேள்வி அதுதான்.

இதே கடலூரில் முந்நூறு வருஷத்துக்கு முன்பே பெரிய ஜவுளி யாவாரி ஒருவன் இருந்தான். அவன் பெயர் கிழக்கிந்தியக் கம்பெனி. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தான். அவனிடம் ஓர் ஏணி இருந்தது. ரைட்டர், ஃபாக்டர், இளைய வணிகர், மூத்த வணிகர் என்று வருஷக் கணக்கில் படிப்படியாக ஏறலாம். கோட்டை வாங்கியபோது சென்னைக் கவர்னராக இருந்த எலிஹு யேல், ரைட்டராகச் சேர்ந்து ஏறியவர். 1698இல் கவர்னராக வந்திறங்கிய தாமஸ் பிட்டோ, கம்பெனியின் ஏகபோகத்தை மீறித் தனியே யாவாரம் செய்து கம்பெனியோடு மல்லுக்கட்டியவர். உள்ளாளும் கவர்னர் ஆனான், வெளியாளும் கவர்னர் ஆனான். இருவருக்கும் வாசலைத் திறந்தது லண்டன். துணி நெய்தவனும் மூட்டை சுமந்தவனும் அந்த ஏணியின் அடிப்படியில்கூடக் கால் வைக்க முடியாது.

கடலூருக்குத் தெற்கே சிதம்பரம். நந்தன் வெளியே நின்ற ஊர். அங்கே 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நம் பிள்ளைகளை அடிப்படியில் ஏற்றிவிடும் வேலை அது. ஏறியவன் அடுத்த படிக்கும் போராட வேண்டியிருந்தது.

இந்த இரண்டு ஊரையும் இணைக்கும் பாதை தென்னக ரயில்வேயுடையது. 1959இல் ரயில்வே போர்டு பதவி உயர்விலும் தாழ்த்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்க உத்தரவிட்டது. உடனே வழக்கு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தென்னக ரயில்வே மேல்முறையீடு செய்த ரங்காச்சாரி வழக்கில், 1961இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் மூவர், ஒதுக்கீடு பதவி உயர்வுக்கும் பொருந்தும் என்றார்கள். ஒரே ஒரு ஓட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் எத்தனை பேர் சேர்ந்த நாற்காலியிலேயே ஓய்வுபெற்றிருப்பார்கள்!

1992இல் மண்டல் வழக்கில் உச்சநீதிமன்றமே அதை மாற்றியது. பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது, இருப்பது ஐந்து வருஷம் மட்டும் தொடரலாம் என்றது. 1995இல் பாராளுமன்றம் 77ஆவது திருத்தத்தால் உரிமையை மீட்டது. 2006இல் நாகராஜ் வழக்கில், பின்தங்கியிருப்பதற்கும் பிரதிநிதித்துவம் போதாததற்கும் கணக்குக் காட்டச் சொன்னார்கள். தலித்துகள் பின்தங்கியவர்கள் என்று தனியே கணக்குக் காட்ட வேண்டாம் என்று சொல்ல 2018 வரை ஆயிற்று. நிர்வாகத் திறன் கெடும் என்ற பேச்சு இந்த வழக்குகள் நெடுகிலும் வரும். பதினாலு வருஷம் கடையின் கொள்முதலைச் சொன்ன மாமாவின் திறன் எந்தக் கணக்கில் வரும்?

அரசு வேலையிலாவது வழக்குப் போட ஒரு சட்டப்பிரிவு உண்டு. ஜவுளிக்கடையில், நகைக்கடையில், பலசரக்குக் கடையில் அதுவும் கிடையாது. அங்கே 'நம்பிக்கையான ஆள்' என்ற சொல்லே சட்டம். அந்தச் சொல்லுக்குள் சாதி ஒளிந்திருக்கிறது.

தோழர்களே, அடுத்த முறை கடலூர், சிதம்பரம் கடைத்தெருவுக்குப் போனால் எண்ணிப் பாருங்கள். குடோனில் மூட்டை தூக்குவது யார், துணி எடுத்துப் போடுவது யார், கல்லாவில் உட்கார்ந்திருப்பது யார்? பெயரையும் ஊரையும் விசாரித்து எழுதி வையுங்கள். கணக்குக் கேட்டார்கள் அல்லவா, நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கட்டும்.