நட்ட கன்றுகள் ஏன் பட்டுப்போகின்றன? வடமராட்சி சொல்லும் வரலாறு

'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்பது எம்மவர் அடிக்கடி சொல்லும் முதுமொழி. இறைவன் கைவிடான் என்பது அதன் உட்பொருள். நெல்லியடி, கரவெட்டிப் பகுதி மரங்களைப் பொறுத்தவரையில் அதனை நேர்ப்பொருளிலேயே கொள்ளவேண்டும். வைத்தவன் ஊரில் இருந்தானா என்பதே இங்கு பல மரங்களின் ஆயுளைத் தீர்மானித்திருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து ஓய்ந்துவிடும். அதன்பின் சுண்ணாம்புக்கல்லில் தேங்கிய கிணற்று நீரே கதி. கோடை முற்றும்போது அதுவும் பல இடங்களில் உவர்ப்பேறும். மாரியில் நட்ட கன்று துளிர்ப்பது பெரிய காரியமன்று. வேர் ஆழமிறங்குமுன் வருகின்ற முதற் கோடையைத் தாண்டுவதே அதற்குச் சோதனை.

முன்னோர் இதனை அறிந்து மரத்துக்கு மரம் வேறு வழி வகுத்தனர். பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் நிலத்துள் ஆழமாக முளையை இறக்குகிறது. ஓலை வெளிவருவது பின்னரே. பிடுங்கி நட்டால் அந்த அடி அறுந்துவிடும் என்பதால், மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைத்தார்கள். பூவரசு, கிளுவைக் கதியால்களை மழை தொடங்கும்போது நட்டு, வெட்டுவாய் காயாதிருக்கச் சாணம் அப்பினார்கள். காற்றில் அசைந்தால் புதுவேர் அறும் என்பதால் வரிச்சு வைத்துக் கட்டினார்கள்.

தென்னையோ ஆள் துணை கேட்கும் மரம். 1840களில் ஐரோப்பியத் தோட்டக்காரர் குடாநாட்டில் தென்னந்தோட்டங்களைத் திறந்தனர். அக்காலத்தில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியான தமது 'சிலோன்' நூலில் இளந்தென்னையைக் குடையும் வண்டைப்பற்றி எழுதியிருக்கிறார். வண்டு, கறையான், ஆடுமாடு, வறட்சி ஆகிய நான்கிலிருந்தும் தென்னம்பிள்ளையைக் காக்க, அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

அந்த ஒருவரைத்தான் போர் ஊரைவிட்டுக் கிளப்பியது. 1987 மே மாதத்தில் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' தொடங்கியபோது வடமராட்சி மக்கள் வீடுகளை விட்டுக் கோயில்களில் தஞ்சம் புகுந்தனர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தது. அதற்குமுன் தொடங்கிய வெளிநாட்டுப் பயணங்கள் பின்னரும் ஓயவில்லை. பூட்டிய வளவில் பனை தானாக நிற்கும். நேற்று நட்ட மாங்கன்று நிற்காது.

2009இல் போர் முடிந்தபின் நடுகை மீண்டும் உற்சாகம் பெற்றது. 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபை கார்த்திகையை மர நடுகை மாதமாக அறிவித்தது. பருவம் அறிந்த தெரிவு அது. எனினும் நட்ட கன்றுகளின் தொகை செய்தியாகிறது. மறு ஆவணியில் எஞ்சியவற்றை எண்ணுவார் அரிது.

புலம்பெயர்ந்த உறவுகளோ பெரும்பாலும் ஆடி, ஆவணியில், நல்லூர்த் திருவிழாவையொட்டி வருகிறார்கள். பிள்ளைகளின் கையால் பேரனார் வளவில் கறுத்தக்கொழும்பான் கன்றொன்றை நட்டுப் படமெடுத்து, மூன்று வாரத்தில் விமானம் ஏறுகிறார்கள். மனம் நல்லது, மாதம் பிழை. இயன்றால் நடுகையை ஐப்பசிக்கு ஒத்திவைத்து அயலவரிடம் ஒப்படையுங்கள்.

நடும்போது பொலித்தீன் பையை முற்றாக நீக்கி, சுருண்ட வேர்களை விரித்துவிடவேண்டும். ஒட்டுக்கன்றின் ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். சுற்றி மண்ணை மிதித்து இறுக்கி, பொச்சு மட்டை பரப்பலாம், தண்டில் முட்டவிடக்கூடாது. நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, சில நாட்களுக்கொருமுறை ஆழமாக ஊற்றுவது வேரைக் கீழே இழுக்கும்.

வாடிய கன்றை உடனே பிடுங்கிவிடாதீர்கள். தோலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இலைகளிற் பாதியைக் கழித்து, கிடுகால் நிழல் கட்டி, உவரில்லாத நீர் விட்டால் பெரும்பாலும் மீளும்.

இரண்டு கோடைகள் தாண்டிய மரம் பின்னர் எம்மை அதிகம் கேட்பதில்லை. அந்த இரண்டு கோடைகளுக்கு ஊரில் யார் வாளி எடுப்பார் என்பதை முடிவு செய்தபின் குழி வெட்டுங்கள்.