ஏரியின் குறுக்கே ஒரு திரை

1960களில் அமெரிக்கப் பத்திரிகைகள் ஈரி ஏரி செத்துவிட்டது என்று எழுதின. என்னைக் கேட்டால், அது தின்று கொழுத்து மூச்சுத்திணறிக் கிடந்தது என்பேன். மூச்சை அடைத்தவை நுண்பாசிகள்.

பாசி என்றால் நமக்குப் படித்துறையில் வழுக்கும் பச்சைதான் ஞாபகம் வரும். நான் சொல்வது தண்ணீரில் மிதந்து வாழும் பாசிகளை. நுண்ணோக்கி இல்லாமல் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. ஆனால் பெரிய ஏரிகளில் சமையல்கட்டு பெரும்பாலும் அவற்றின் பொறுப்பில்தான். வெயிலையும் கரியமில வாயுவையும் வைத்து அவை ஆக்குவதைச் சிற்றுயிர்கள் தின்ன, அவற்றைச் சிறுமீன் தின்ன, அதைப் பெருமீன் தின்ன, கடைசியில் நம்ம தட்டுக்கு வருகிறது.

சரி, சோறு போடுற பாசி கூடுதலா இருந்தா நல்லதுதானே? இல்லை. ஈரியில் நகரங்களின் சாக்கடையும் வயல்களின் உரமும் வந்து கலக்க, பாசி பெருகியது. பெருகியது செத்து அடியில் படிந்தது. அதை மக்கவைத்த பாக்டீரியாக்கள் அடித்தண்ணீரின் ஆக்சிஜனைத் தீர்த்தன. 1953லேயே ஏரியின் மேற்குப் பகுதியில், சேற்றில் வாழும் மேஃப்ளை புழுக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன.

சந்தேகம் பாஸ்பரஸ் மேல் விழுந்தது. அன்றைய சலவைத்தூளில் பாஸ்பேட் ஏராளம். சோப்புக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? பாசியின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது கார்பன்தான், பாஸ்பேட்டைக் குறைத்து என்ன பயன் என்று அந்தத் தரப்பு வாதாடியது. வெறும் சமாளிப்பு என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஏரித்தண்ணீரைக் குப்பியில் அடைத்துச் செய்த சோதனைகள் சில கார்பனைத்தான் காட்டின.

கனடா 1968இல் ஒன்டாரியோவின் வடமேற்கில் ஒரு ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. அங்கே குப்பிக்குப் பதில் முழு ஏரி. டேவிட் ஷிண்ட்லர் குழு 1969 முதல், கார்பன் மிகக் குறைவாக இருந்த 227ஆம் எண் ஏரியில் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் கலந்தது. ஏரி பச்சையானது. கார்பன் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து. குப்பிக்கு மூடி உண்டு, ஏரிக்குக் கிடையாது.

1973இல் 226ஆம் எண் ஏரி. உடுக்கைபோல் இடை சிறுத்தது. அந்த இடையில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸ். சில வாரங்களில் பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சைக் குழம்பாகிவிட்டது. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் விளக்கமே தேவையில்லை.

காரணம் எளிது. கார்பன் காற்றில் இருக்கிறது. நைட்ரஜனையும் காற்றிலிருந்து பிடிக்கத் தெரிந்த நீலப்பச்சைப் பாசிகள் உண்டு. பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஆகவே அதைப் பிடித்தால் பாசியின் குடுமி கையில்.

ஏரிகளைக் காக்க அமெரிக்காவும் கனடாவும் 1972இலேயே ஒப்பந்தம் போட்டிருந்தன. ஆனாலும் சலவைத்தூள் சண்டை ஓயவில்லை. பாஸ்பேட்டுக்குத் தடை கேட்டவர்களுக்கு அந்தப் படம் பெரிய ஆயுதமானது. சாக்கடைச் சுத்திகரிப்பும் சேர்ந்துகொள்ள, 1980களில் ஈரி தெளிந்தது.

கதை அங்கே முடிந்திருக்கலாம். 2014 ஆகஸ்டில், ஈரிக்கரை டொலிடோ நகரில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் குழாய்த்தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு. காய்ச்சினாலும் போகாது. இம்முறை பாஸ்பரஸ் வந்தது பெரும்பாலும் வயல்களிலிருந்து.

இதுதான் என்னை உறுத்துகிறது. சலவைத்தூள் சில கம்பெனிகளின் கையில் இருந்தது. சட்டம் போட்டு மாற்ற முடிந்தது. உரமோ ஆயிரக்கணக்கான விவசாயிகளின் விளைச்சலோடு பிணைந்தது. அதற்குக் குறுக்கே கட்ட யாரிடமும் திரை இல்லை.