அப்போத்திகரிகளின் தேர்வு

மருந்தியலையும் நோயியலையும் உருப்போட்டு உரிமத் தேர்வு எழுதுவது இக்காலத்து வழக்கம் என்று நினைக்கிறோம். அதற்கு இருநூறு வயதாகிவிட்டது. 1815-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அப்போத்திகரிகள் சட்டத்தை இயற்றியது. மருந்து கலந்து விற்றதோடு நோயும் பார்த்த அப்போத்திகரிகளே அன்று இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பங்களுக்கு வைத்தியர்கள். புதிதாக அத்தொழிலுக்கு வருபவர் ஐந்தாண்டு ஒருவரிடம் தொழில் பழகி, விரிவுரைகள் கேட்டு, ஆறு மாதம் மருத்துவமனையில் பயின்று, லண்டன் அப்போத்திகரிகள் சங்கத்தின் தேர்வில் தேற வேண்டும் என்றது சட்டம். தேர்வு வாய்மொழியாக நடந்தது. லத்தீன் மருந்து நூலின் பகுதிக்குப் பொருள் சொல்ல வேண்டும். வேதியியல், மருந்துச் சரக்கு, நோயும் சிகிச்சையும் பற்றிய கேள்விகள் தொடரும். கவிஞர் ஜான் கீட்ஸ் 1816 ஜூலையில் இத்தேர்வில் தேறியவர். இதற்கென்றே கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுத்து மாணவரைத் தயார்செய்த தனி ஆசிரியர்களும் கிளம்பினார்கள். ‘கிரைண்டர்’ என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர்.

உருப்போட்டவன் வைத்தியனாகிவிடுவானா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அன்றைய மருந்துப் பெட்டியில் இருந்தவற்றைப் பார்க்க வேண்டும்: பாதரச உப்பான கலோமெல், ஆண்டிமனி, அபின். அபினுக்கு வழக்கமான அளவு ஒரு கிரெய்ன், அதாவது சுமார் 65 மில்லிகிராம். சில மடங்கு கூடினால் மூச்சே நின்றுவிடும். நோயாளியின் தலைமாட்டில் நின்றபடி புத்தகத்தைப் புரட்ட நேரமிருக்காது. அளவு மனப்பாடமாக இருப்பது அறிவின் முழுமை அல்ல என்றாலும் உயிருக்குக் குறைந்தபட்சக் காப்பு. படிப்பில்லாதவரையும் படித்தவரையும் பிரித்தறிய வழியற்ற மக்களுக்கு இத்தேர்வு ஓர் அளவுகோலைத் தந்தது.

சங்கம் தன் ஆதிக்கத்தைக் காக்கவே தேர்வு வைத்தது என்பது இன்னொரு மறுப்பு. அதில் உண்மை உண்டு. ஆயினும் இத்தேர்வை எழுத முன்வந்த எலிசபெத் காரெட்டின் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. பெண் என்பதால் அவரைத் தடுக்கச் சங்கம் முயன்றது. சங்கத்தின் சாசனம் அதற்கு இடம் தரவில்லை. 1865-இல் அவர் தேறி உரிமம் பெற்றார். அதன்பின் சங்கம், தனியாகக் கேட்ட விரிவுரைகள் செல்லாது என்று விதியை மாற்றியது. மருத்துவப் பள்ளிகளோ பெண்களைச் சேர்க்கவில்லை. ஆகவே வழி அடைபட்டது. உரிமம் வழங்கும் அமைப்புகள் பெண்களை ஏற்கலாம் என்ற சட்டம் 1876-இல்தான் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

காரெட்டின் அறிவைத் தேர்வு நேர்மையாகவே எடைபோட்டது. அவருக்குப் பின் வந்த பெண்களுக்கு அடைபட்டது வகுப்பறையின் வாசல். உரிமத் தேர்வைக் குறை சொல்லுமுன், அதற்குப் படிக்கும் வாய்ப்பு யாருக்கு மறுக்கப்படுகிறது என்று கேட்போம். திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அதுவே.