மோர்ஃபா டஃப்ரின் கடற்கரை

மோர்ஃபா டஃப்ரின், வேல்ஸின் வடமேற்கில், குவினெத் மாவட்டத்தில், கார்டிகன் விரிகுடாவைப் பார்த்தபடி கிடக்கும் மணற்குன்றுக் கடற்கரை. பார்மத், ஹார்லெக் ஆகிய இரு ஊர்களுக்கும் இடையே, டஃப்ரின் அர்டிட்வி என்ற கிராமத்தை ஒட்டியது. எரரி (ஸ்னோடோனியா) தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அமைந்த இதன் மணற்குன்றுகள் தேசிய இயற்கைக் காப்பிடமாகப் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் வெளியூர்க்காரர்களிடம் இதன் பெயர் பரவியதற்குக் காரணம் மணற்குன்றுகள் அல்ல. இக்கடற்கரையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, ஆடையின்றிக் குளிக்கவும் வெயில் காயவும் வருவோருக்கென ஒரு பகுதி குறிக்கப்பட்டுள்ளது. வேல்ஸில் அதிகாரபூர்வமான நிர்வாணக் கடற்கரை என்று சொல்லப்படுவது இது ஒன்றுதான்.

நிலமும் கடலும்

கடற்கரையின் வடமுனையில் மோக்ராஸ் என்ற நிலமுனை உள்ளது. கரையொதுங்கும் சிப்பிகளால் இதற்கு ‘ஷெல் ஐலண்ட்’ என்ற பெயர் வந்தது. அர்ட்ரோ ஆற்றை 1819-இல் திசைதிருப்பிய பிறகு இதன் அமைப்பே மாறிப்போனது. இன்றும் கடல் ஏறும் நேரத்தில் இதற்குப் போகும் சாலை தண்ணீரில் மூழ்கிவிடும். இங்கிருந்து சார்ன் பாட்ரிக் என்ற கூழாங்கல் திட்டு கடலுக்குள் பல கிலோமீட்டர் தூரம் நீள்கிறது. கடல் நன்றாக வற்றும் நாள்களில் அதன் முதுகு வெளியே தெரியும். கடல்கொண்ட காண்ட்ரெர் குவைலோட் நாட்டின் மதில் அது என்பது வேல்ஸ் மக்களின் பழங்கதை. கபாடபுரம் கடலில் மறைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நிலவியலாளர்களைக் கேட்டால், பனியுகத்தில் பனியாறுகள் கொண்டுவந்து தள்ளிய கற்குவியல் என்பார்கள்.

மணற்குன்றுகளின் சிறப்பு, அவை இன்னும் நகர்கின்றன என்பது. வேல்ஸின் பெரும்பாலான மணற்குன்றுகளைக் கடந்த நூறாண்டுக்குள் புல்லும் புதரும் மூடிவிட்டன. மணல் அசையாமல் இறுகிவிட்டால், வெற்று மணலை நம்பி வாழும் செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் இடமில்லாமல் போகும். இங்கே மேல்காற்று இன்றும் மணலை அள்ளி இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. குன்றுகளுக்கு நடுவே, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளங்களில், கோடையில் சதுப்புநில ஆர்க்கிட்டுகள் பூக்கின்றன. கரையில் வளையக் கழுத்து உப்புக்கொத்திகள் கூழாங்கற்களுக்கு இடையே முட்டையிடும். முட்டையின் நிறமும் கல்லின் நிறமும் ஒன்றாக இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியவரும்.

குன்றுகளுக்குப் பின்னால், லான்பெடரில், 1941-இல் போர்விமானத் தளம் ஒன்று திறக்கப்பட்டது. ஏவுகணைச் சோதனைகளுக்கு இலக்காகப் பறக்கவிடப்பட்ட ஆளில்லா விமானங்கள் பின்னாளில் அங்கிருந்துதான் கிளம்பின. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓடுதளம், நடுவே உயர்ந்த மணல்மேடு என்பதால் வீடுகளோ கடைகளோ நெருங்கி வராத இடம் இது. யார் கண்ணிலும் படாமல் குளிக்க விரும்பியவர்கள் அதிகாரபூர்வ அறிவிப்பு வரும் முன்பே இவ்விடத்தைத் தேர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

சட்டத்தின் நிலை

இந்தக் கடற்கரையைப் பற்றிப் பரவலாக நிலவும் தவறான எண்ணம், மற்ற இடங்களில் குற்றமாக இருப்பது இங்கே மட்டும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பது. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி பொது இடத்தில் ஆடையின்றி இருப்பது அதனளவில் குற்றமாகாது. 2003-ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, பிறர் பார்த்து அதிர்ச்சியோ வேதனையோ அடையவேண்டும் என்ற நோக்கத்துடன் பிறப்புறுப்பைக் காட்டுவதையே குற்றமாக்குகிறது. நோக்கம் நிறுவப்படாவிட்டால் அந்தப் பிரிவில் குற்றம் இல்லை. மற்றவர்களைத் துன்புறுத்தும் வகையில் ஒருவர் நடந்துகொண்டால் 1986-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் பாயலாம். அது ஆடை அணிந்தவருக்கும் பொருந்தும்.

அப்படியானால் ‘அதிகாரபூர்வம்’ என்பதற்கு என்ன பொருள்? நடைமுறையில் அது ஓர் அறிவிப்புப் பலகை. இதற்கு அப்பால் ஆடையில்லாதவர்களைப் பார்க்க நேரிடும் என்று வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பலகையைத் தாண்டி வந்தவர் எதிர்பாராமல் பார்த்து அதிர்ந்துபோனேன் என்று புகார் சொல்வது கடினம். ஆக, அந்தப் பலகையால் அதிகம் பயனடைவது ஆடை அணிந்து வருபவர்தான் என்று சொல்லலாம். எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதை அவரே முடிவுசெய்துகொள்ள முடிகிறது.

வரலாற்றுப் பின்னணி

பிரிட்டனில் ஆண்கள் கடலில் ஆடையின்றிக் குளிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வழக்கமாகவே இருந்தது. ரயில் வந்து கடற்கரை ஊர்களில் குடும்பங்கள் குவியத் தொடங்கியதும், நகர மன்றங்கள் ஆண், பெண் குளிக்கும் இடங்களைப் பிரித்தன, பிறகு கால்சட்டையைக் கட்டாயமாக்கின. அந்த மாற்றத்தை உள்ளிருந்து பார்த்த ஒரு சாட்சி, வேல்ஸ் எல்லையில் உள்ள கிளைரோ ஊரில் துணைப் பாதிரியாராக இருந்த ஃபிரான்சிஸ் கில்வர்ட். வெஸ்டன்-சூப்பர்-மேர் கடலில் வெறும் உடம்போடு குளித்த மகிழ்ச்சியை 1872-இல் தன் நாட்குறிப்பில் எழுதினார். 1874-இல் ஷேங்க்லின் என்ற கடற்கரை ஊரில் அவரைக் கால்சட்டை போட வைத்தார்கள். அலை அதை உருவிக் கணுக்காலில் சுற்றிவிட்ட எரிச்சலையும் பதிவுசெய்தார். அவர் எந்த இயக்கத்தையும் சேர்ந்தவரல்லர். பழைய பழக்கத்தை விட மனமில்லாத ஒரு பாதிரியார், அவ்வளவுதான்.

ஆடையின்மையைக் கொள்கையாகக் கொண்ட இயக்கம் ஜெர்மனியில் வேரூன்றி, 1920-களில் பிரிட்டனுக்கு வந்தது. ஆனால் அறியப்பட்ட முதல் நிர்வாணர் சங்கம் தோன்றியது பம்பாய் மாகாணத்தில். 1891-இல், தானே மாவட்ட நீதிபதியாக இருந்த சார்லஸ் எட்வர்ட் கார்டன் கிராஃபர்ட் ‘ஃபெலோஷிப் ஆஃப் தி நேக்கட் ட்ரஸ்ட்’ என்ற பெயரில் அதைத் தொடங்கினார். மொத்த உறுப்பினர்கள் மூன்று பேர். எட்வர்ட் கார்பென்டர் என்ற ஆங்கில எழுத்தாளருக்கு அவர் எழுதிய கடிதங்கள் வழியாகவே இச்செய்தி வரலாற்றில் நின்றது.

பிரிட்டனில் தோன்றிய சங்கங்கள் நெடுங்காலம் வேலிக்குள்ளேயே இயங்கின. 1929-இல் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் அமைந்த ‘ஷ்பீல்பிளாட்ஸ்’ போன்ற குடியிருப்புகள் இதற்கு எடுத்துக்காட்டு. 1964-இல் சங்கங்கள் ஒரே அமைப்பாக இணைந்தன. இன்று ‘பிரிட்டிஷ் நேச்சுரிசம்’ என்பது அதுவே. பொதுக் கடற்கரையில் இடம் கேட்பது அதன் பிறகே வலுப்பெற்றது. 1980-இல் பிரைட்டன் நகரம் தன் கடற்கரையில் ஒரு பகுதியை ஒதுக்கியபோது நாடெங்கும் பெரிய விவாதம் நடந்தது. மோர்ஃபா டஃப்ரினில் நடந்தது அமைதியான கதை: முன்பே நிலவிய பழக்கத்தைப் பின்னாளில் உள்ளாட்சி ஏற்றுக்கொண்டது.

போய்ச் சேரும் வழியும் வழக்கங்களும்

கேம்ப்ரியன் கரையோர ரயில் பாதையில் டஃப்ரின் அர்டிட்வி நிலையம் உள்ளது. இப்பாதையின் சிறு நிலையங்கள் பலவற்றில் கேட்டால்தான் வண்டி நிற்கும். ஏறுபவர் நடைமேடையில் நின்று ஓட்டுநர் பார்க்கும்படி கை காட்ட வேண்டும்; இறங்குபவர் முன்கூட்டியே நடத்துநரிடம் சொல்லிவைக்க வேண்டும். காரில் வருபவர்களுக்கு பெனார் கடற்கரை வாகன நிறுத்தம் உண்டு. அங்கிருந்து மணற்குன்றுகளின் ஊடே பலகை பாவிய நடைபாதை கரைக்கு இறங்குகிறது. பிறகு வடக்கே திரும்பி, ஈர மணலில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நடந்தால் அறிவிப்புப் பலகை வரும். வழியில் யாரும் ஆடையைக் களைவதில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் அது மரியாதைக் குறைவு.

அந்தப் பக்கத்து வழக்கங்களும் எளியவை. உட்காருமிடத்தில் துண்டு விரித்துக்கொள்ள வேண்டும். கேமராவை எடுக்கக் கூடாது. கைபேசியை உயர்த்திப் பிடித்தாலே முகம் சுளிப்பார்கள். உற்றுப் பார்ப்பதும், காலி மணல் நிறைய இருக்கும்போது முன்பின் தெரியாதவர் அருகில் போய் உட்காருவதும் தவறு. குடும்பத்தோடு வருபவர்கள் திறந்த மணலிலேயே இருப்பார்கள். குன்றுகளின் மறைவைத் தேடிப் போவோரை இவர்களே சந்தேகத்துடன் பார்ப்பது வழக்கம். நிர்வாணத்துக்குப் பாலியல் பொருள் கற்பிக்கப்படுவதை நேச்சுரிஸ்டுகள் (நிர்வாணர் இயக்கத்தவர்) அளவுக்கு வெறுப்பவர்கள் குறைவு. குன்றுகளுக்குள் போகாமலிருப்பது ஆர்க்கிட்டுகளுக்கும் நல்லது.

ஆடை அணியக் கூடாது என்ற விதி எதுவும் இங்கில்லை. வானிலை அதற்கு இடம் தராது. ஆகஸ்டிலும் கடல்நீர் 16, 17 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. வெயில் அடித்தாலும் மேல்காற்று ஓய்வதில்லை. வந்தவுடன் முதல் வேலை, கோடுபோட்ட நீளத் துணியின் மரக்கழிகளைச் சுத்தியலால் மணலில் அடித்து இறக்கி, காற்றுக்குத் தடுப்பு எழுப்புவது. அதன் மறைவில், இடுப்புக்கு மேல் கம்பளிச் சட்டையும் தலையில் குல்லாயும் போட்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்பவரைப் பார்க்க நேர்ந்தால் சிரிப்பை அடக்கிக்கொள்வது நாகரிகம். குளிர் விலகிய நாளில் வேறு தொல்லை: வெயிலே படாத தோல் அரை மணியில் சிவந்துவிடும்.

கடல் வற்றியிருக்கும்போது ஆழமில்லாத நீரில் வீவர் என்ற சிறு மீன் மணலில் புதைந்து கிடக்கும். அதன் முதுகு முள்ளில் நஞ்சு உண்டு. மிதித்துவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்திருப்பதே மருந்து. நிர்வாணக் கடற்கரையானாலும் காலில் ரப்பர் செருப்போடு தண்ணீரில் இறங்குபவர்கள் விவரம் அறிந்தவர்கள்.

வேல்ஸின் பிற கடற்கரைகள்

தெற்கு வேல்ஸில் கௌவர் தீபகற்பத்தின் வைட்ஃபோர்ட் மணற்கரையிலும், பெம்ப்ரே அருகே உள்ள கெவன் ஷிடான் கடற்கரையின் ஒதுக்குப்புறத்திலும் ஆடையில்லாமல் குளிக்கும் பழக்கம் உண்டு. இரண்டும் அதிகாரபூர்வமானவை அல்ல. அங்கே பலகையும் இல்லை, எல்லையும் இல்லை. நாய்களோடு உலாவ வருபவர்களும் நிர்வாணமாகக் குளிப்பவர்களும் ஒருவரையொருவர் தூரத்திலிருந்தே கண்டு விலகிக்கொள்கிறார்கள். வைட்ஃபோர்ட் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பீரங்கிப் பயிற்சிக்களமாக இருந்தது. வெடிக்காத குண்டுகள் இன்னும் அங்கே மணலுக்குள் இருக்கக்கூடும் என்பதால், கண்ணில் படும் உலோகத் துண்டு எதையும் தொட வேண்டாம் என்று எச்சரிக்கப்படுகிறது.